என் இடது கண்ணும் சியூ லிங் வாங்கிய எலுமிச்சம்பழங்களும்

நான்காவது வெள்ளி அது. துர்க்கை சந்நிதிக்கு முன்னால் நாங்கள் எட்டுப் பெண்கள் நின்றிருந்தோம். காலை ராகு காலம். எலுமிச்சம்பழத்தை நறுக்கிச் சாற்றைப் பிழிந்து, மூடியை உள்புறம் வெளியே வரும்படி கிண்ணம்போலத் திருப்பி, நெய் விட்டுத் திரி போட்டு ஏற்றியிருந்தோம். ஆளுக்கு இரண்டு விளக்கு. கை விரலெல்லாம் எலுமிச்சை வாசம்.

பூசாரி கற்பூரத் தட்டை எங்கள் பக்கம் நீட்டினார். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். இடது கண் நிறைந்து வழிந்தது. கன்னத்தில் இறங்கித் தாடைவரை வந்து, ரவிக்கைமேல் சொட்டியது.

பக்கத்தில் நின்ற சரசு தன் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கரகரவென்று இருந்தது. ஆனாலும் மெதுவாகத்தான் துடைத்தாள்.

“அழாத, பாக்கியம். ஒம்பது வாரம் முடியட்டும். எல்லாம் சரியாயிரும்.”

“என்ன சரியாயிரும்?”

“தெரியாத மாதிரி கேக்குற பாரு. உன் மருமவ மனசு மாறணும்னுதானே நாங்க எல்லாம் ஏத்துறோம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரசுவின் பேத்திக்கு மாப்பிள்ளை அமையத்தான் இந்த நேர்த்திக்கடன் என்று அதுவரை நினைத்திருந்தேன். வாராவாரம் அந்தப் பெண்ணுக்காக மனமுருகி வேண்டிக்கொண்டு வேறு இருந்தேன்.

நான் அழவே இல்லை. என் மருமகள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இந்த இரண்டையும் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு எரிந்த அத்தனை எலுமிச்சம்பழத்தையும் காய்கறி பாசாரில் பொறுக்கி வாங்கி வந்தது அதே மருமகள்தான்.

கொக்கி கட்டுகிறவள்

இத்தனை வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதில் சியூ லிங்கைப் பற்றி இரண்டு வரிகூட வரவில்லை. அவளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. பத்திரிகை வந்ததும் என் மகன் குமரன் வாசித்துக் காட்டுவான். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள். முடிந்ததும், “இந்த வாரமும் நான் வரலையா, அத்தை?” என்பாள். இந்த வாரம் அவள்தான்.

குமரன் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சியூ லிங் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த சீனப் பெண். படிப்பை விட்டதும் அங்கே ஒரு சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்குப் பின்னால் ரவிக்கை தைத்த ஓர் அம்மாவிடம் தொழில் கற்றுக்கொண்டாள். தமிழையும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் நம் வீட்டுப் பெண் பேசுவதுபோலவே இருக்கும். கோபம் வந்தால் மட்டும் கேண்டனீஸ். எனக்கு அதில் ஒரு வார்த்தையும் புரியாது. குடும்பம் நடத்த அது ஒரு வசதிதான்.

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டு முன்னறையில் அவளுடைய மெஷின் இருக்கிறது. ஜன்னலுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி. தைத்து முடித்த ரவிக்கைகளை அதில் தொங்கவிடுவாள். வெட்டுவதும் தைப்பதும் அவள். ஓரம் மடித்துக் கைத்தையல் போடுவதும் கொக்கி கட்டுவதும் நான்.

சும்மா சொல்லக் கூடாது, நான் கட்டிய கொக்கி துணி கிழிந்தாலும் பிடியை விடாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் ஊசியில் நூலை ஒரே தடவையில் கோர்த்துவிடுவேன். நான் படித்தது மூன்றாம் வகுப்புவரை. இந்தத் தொடரைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் ஊசியை எடுத்தால் எந்தப் படித்தவளும் என் முன்னால் நிற்க முடியாது.

அதனால்தான் இடது கண் வழியத் தொடங்கியபோது யாரிடமும் மூச்சுவிடவில்லை. கண்ணில் கோளாறு என்று தெரிந்தால் சியூ லிங் முதலில் ஊசியைத்தான் என் கையிலிருந்து வாங்குவாள். “நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தை” என்று டிவிக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவாள். அதற்குப் பயந்தேன்.

ஒவ்வொன்றாக நிறுத்தினாள்

“ஏன் அத்தை கண்ணு கலங்குது?” என்று முதல் தடவை கேட்டாள். காற்றாடி முகத்தில் அடிக்கிறது என்றேன். மறுநாள் காற்றாடியைத் திருப்பி வைத்தாள்.

அடுத்த வாரம் கேட்டாள். நீ பெலாச்சான் வறுக்கிற புகை என்றேன். வீட்டில் பெலாச்சான் சம்பல் செய்வதையே விட்டுவிட்டாள். அந்த இறால் விழுது அவளுக்கு உயிர்.

அதற்கடுத்து அவளுடைய சாமி மாடத்து ஊதுபத்தியைச் சொன்னேன். மாடத்தை வாசலுக்கு வெளியே மாற்றினாள். வெங்காயம் உரிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். கண் இன்னும் வழிந்தது. சொல்வதற்கு என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தையும் ரகசியமாகச் செய்து பார்த்தேன். விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த கரியைக் குழைத்துச் செய்யும் மையைச் சிறு வயதிலிருந்து இட்டுக்கொள்கிறேன். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அதைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று இமைக்கு உள்ளே அழுத்தி இழுத்தேன். கண்ணீர் கறுப்பாக வழிந்ததுதான் மிச்சம்.

அந்தக் கறுப்புக் கோட்டோடுதான் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? சீன மருமகள், வயதான மாமியார், கன்னத்தில் கண்ணீர்க் கோடு. கதையை அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

புகைவீட்டில் ஒரு காலம்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொன்னால்தான் நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று விளங்கும்.

சரசுவும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். உறைந்த ரப்பர் பால் தகடுகளை மூங்கில் கழியில் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கும் புகைவீடு ஒன்று அங்கே இருந்தது. அதற்குள் கழி மாற்றப் போகிறவர்களுக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகும். வெளியே வந்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது குமரன் கைக்குழந்தை. சாவு வீட்டில் நான் அழவில்லை. மாமியார் என் மடியில் விழுந்து அழுதார், கொழுந்தன் அழுதான். அவர்களைத் தேற்றவே எனக்கு நேரம் சரியாக இருந்தது. வந்திருந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். சரசுதான் வாய்விட்டுச் சொன்னாள்: “கல்நெஞ்சுக்காரி.” என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

பதினாறு முடிந்து வேலைக்குப் போனபோது, நான் போகிறேன் என்று புகைவீட்டு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்க் கழி மாற்றிக்கொண்டே அழுதேன். ஒரு மாதம் அழுதிருப்பேன். வெளியே வந்தால் எல்லாருக்கும் ஒழுகுவதுபோல எனக்கும் ஒழுகுகிறது, அவ்வளவுதான். ஒருவருக்கும் தெரியாது. யாரும் துடைக்கவும் வரவில்லை.

அந்தச் சரசுவின் கை இத்தனை காலம் கழித்து என் கன்னத்துக்கு வந்தது. அந்த நான்காவது வெள்ளியில் ‘நான் அழவில்லை’ என்று சொல்லியிருந்தால் அந்தக் கை போய்விடும். அதனால் சொல்லவில்லை. ஐந்தாவது வெள்ளியிலும் சொல்லவில்லை. ஆறாவது வெள்ளியில் சரசு எனக்காக வீட்டிலிருந்து பால் கொழுக்கட்டை செய்து கொண்டு வந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

செய்தது தப்பு. ஆனால் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன்.

காலிக் கம்பி

தீபாவளி நெருங்கினால் எங்கள் முன்னறைக் கம்பி வளையும். பச்சை, அரக்கு, மஞ்சள் என்று ஜன்னலே தெரியாது. அந்த வருடம் தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கம்பியில் மூன்றே ரவிக்கைகள். அதில் ஒன்று என்னுடையது.

கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போக ஒரு பெண் வந்தாள். “தப்பா நினைக்காதீங்க லா, ஊருக்குப் போறோம், அவசரம்” என்றாள். சியூ லிங் துணியை மடித்துப் பையில் போட்டு, அளவு எழுதிய சீட்டையும் மறக்காமல் உள்ளே வைத்துக் கொடுத்தாள். வேறு இடத்தில் தைக்கக் கொடுக்கப் போகிறாள் என்று தெரிந்தேதான் சீட்டையும் வைத்தாள்.

ஏழாவது வெள்ளி, விளக்கு ஏற்றி முடித்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது சரசுவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். “இந்த வருஷம் துணியே வரல, சரசு.”

“எப்படி வரும்? நாங்கதான் பேசி வச்சிருக்கோமே, அவகிட்ட யாரும் தைக்கக் கூடாதுன்னு. நாலு நாள் மெஷின் சும்மா கெடந்தா புத்தி வரும்.”

வாயைத் திறந்தேன். பூசாரி பிரசாதம் கொண்டு வந்தார். அதைச் சாக்காக வைத்து மறுபடியும் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தேன். சியூ லிங் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“அத்தை, ஒன்னு கேக்கவா? கோவப்படக் கூடாது.”

“கேளு.”

“நான் என்ன தப்பு பண்ணேன்? அஞ்சு மாசமா நீங்க அழறீங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நிறுத்திட்டேன். இன்னும் என்ன நிறுத்தணும்னு சொல்லுங்க.”

இதைக் கேட்டபோது அவள் கண் கலங்கவில்லை. குரல் மட்டும் உடைந்திருந்தது. அவளும் புகைவீட்டுக்காரிதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

“நான் அழலடி,” என்றேன். “கண்ணு வழியுது. அதுவா வழியுது. கோளாறு.”

என்னையே பார்த்தாள். “அஞ்சு மாசமா?”

“ஆமா.”

“பெலாச்சான் புகை இல்லையா?”

“இல்ல.”

“அஞ்சு மாசம் பெலாச்சான் இல்லாம சோறு தின்னேன், அத்தை.” அதற்கப்புறம் கேண்டனீஸ். நீளமாகப் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். புரியாவிட்டாலும் எனக்கு வேண்டியதுதான்.

அன்று மதியமே அடுப்பில் பெலாச்சான் வறுபட்டது. இரண்டு வீட்டுக்கு மணந்தது. அவள் சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது.

வழியும் கண்கள் எல்லாம் ஒன்றல்ல

அடுத்த புதன்கிழமை கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனோம். அவள் வேலை பார்த்த சேலைக் கடைக்கு அடுத்த தெருவில் ஒரு கண் கிளினிக். காலையிலேயே கூட்டம்.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பக்கத்தில் இருந்த லோரி டிரைவரைக் கேட்டேன், “அண்ணே, உங்களுக்கும் வழியுதா?” அவருக்கு இமைமுடி உள்பக்கமாக வளைந்து வளர்ந்து கண்ணை உரசிக்கொண்டே இருக்கிறதாம். மாதாமாதம் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறார். அவருக்கு அடுத்து ரொட்டிச்சானாய் போடுகிற ஒருவர். மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இரண்டு கண்ணும் அரித்துச் சிவந்து தண்ணீர் கொட்டுகிறது. எதிரே ஒரு மலாய் பாக்சிக், தாத்தா வயது. வயதாகிக் கீழ் இமை தளர்ந்து வெளிப்பக்கமாகத் தொங்கிவிட்டது. கண்ணீர் உள்ளே நிற்க இடமில்லாமல் வெளியே வழிகிறது.

ஓரத்தில் ஓர் ஆபீஸ் பெண். அவளுக்குக் கண் காய்ந்து போனதால் தண்ணீர் வருகிறதாம். “காஞ்சா எப்படிம்மா தண்ணி வரும்?” என்றேன். “எனக்கும் அதான் ஆன்டி புரியல” என்று சிரித்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண், தமிழ்ப் பெண். உட்கார்ந்ததும் முதலில் கேட்டது இதுதான்: “ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா, ஆன்டி?”

“இடது மட்டும்.”

“சரி. அதுவே பாதி பதில்.”

எனக்கு அந்த ஆபீஸ் பெண் விஷயம் மண்டையைக் குடைந்தது. அதையும் கேட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரையே முறைத்துப் பார்த்தால் இமைப்பது குறையும், கண்ணின் ஈரம் காயும், காய்ந்தால் எரியும், எரிந்தால் கண் பயந்துபோய்த் தண்ணீரைக் கொட்டும் என்றார். வயதானவர்களுக்கும் அது நிறைய வருமாம், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும்.

“உங்களுக்கு அது இல்ல. கண்ணு மூலையில, மூக்குப் பக்கம், ஊசி நுழையற மாதிரி சின்ன ஓட்டை மேலயும் கீழயும் இருக்கு. கண்ணீர் அது வழியா மூக்குக்குள்ள எறங்கும். அழுதா மூக்கு ஏன் ஒழுகுது? அதனாலதான். தண்ணி விடுற குழாய் நல்லா இருக்கு, வடியற சிங்க் அடைச்சிருக்கான்னு இப்ப பாக்கப் போறேன்.”

மரத்துப்போக மருந்து விட்டார். “அந்த ஓட்டை வழியா உப்புத் தண்ணி விடுறேன். தொண்டையில உப்புக் கரிச்சா கையத் தூக்குங்க.”

நான் நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தேன். சியூ லிங் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தொண்டை வறண்டு கிடந்தது. தண்ணீர் மேல் ஓட்டை வழியாகத் திரும்பி வந்து கன்னத்தில் சில்லென்று ஓடியது. உப்பு வரவில்லை. பொய்யாகவாவது கையைத் தூக்கிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. எந்தப் பரீட்சையிலும் தோற்பது எனக்குப் பிடிக்காது.

“அடைச்சிருக்கு,” என்றார் டாக்டர். “வயசான பொம்பளைங்களுக்கு இது அதிகம் வரும். சின்ன ஆபரேஷன் பண்ணி மூக்குக்கு ஒரு புது வழி விட்டா சரியாயிரும். அவசரம் இல்ல. ஆனா மூக்கோரம் வீங்கி வலிச்சா உடனே வந்துரணும்.” அப்புறம் என் இமையை லேசாக இழுத்துப் பார்த்தார். “இந்த மை யார் போட்டது?”

“நானேதான். குளிர்ச்சி.”

“அடைப்புக்கு இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா கண்ணுக்குள்ள கரி வேணாம், ஆன்டி.”

“ஊசி வேலை செய்யலாமா?” இதைத்தான் கேட்க வந்தேன்.

“பார்வை நல்லா இருக்கே. தாராளமா செய்யுங்க.”

சியூ லிங்கைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியைப் பிடுங்கிவிடுவாள் என்றுதான் நான் இத்தனையும் செய்தேன் என்பது அவளுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது.

திரும்பும் ரயிலில்

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் மீதியையும் சொன்னேன். எலுமிச்சை விளக்கு எதற்கு என்பதை. துணி ஏன் வரவில்லை என்பதை. விளக்கு விஷயம் எனக்கு நான்காவது வெள்ளியிலிருந்தே தெரியும் என்பதைக் கடைசியாகச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிள்ளான் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பேசினாள்.

“அப்போ நான் வாங்கிட்டு வந்த பழமெல்லாம் எனக்கேவா?”

“ஆமாடி.”

“பொறுக்கிப் பொறுக்கி வாங்கினேன், அத்தை. தெரிஞ்சிருந்தா அழுகினதா வாங்கியிருப்பேன் லா.”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஆனால் இறங்கும்போது என் கையைப் பிடித்துத்தான் இறக்கினாள்.

எட்டாவது வெள்ளிக்கு நான் போகவில்லை. மனதைத் திடப்படுத்திக்கொள்ள எனக்கு ஒரு வாரம் வேண்டியிருந்தது. ஒன்பதாவது வெள்ளிக்கு முதல் நாள், நான் கேட்காமலே, மேசைமேல் ஒரு பை எலுமிச்சம்பழம் இருந்தது. பெரிய பழங்கள், மெல்லிய தோல், ஒரு புள்ளி இல்லை.

“நீயும் வரியா?”

“வரல. நீங்க வச்ச நெருப்பு. நீங்களே போய் அணைச்சிட்டு வாங்க.”

ஒன்பதாவது வெள்ளி

அன்று மை இட்டுக்கொள்ளாமல் போனேன். முகம் எனக்கே வேறு மாதிரி இருந்தது. விளக்கு ஏற்றுவதற்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினேன்.

“ஒரு விஷயம். என் மருமவ தங்கமானவ. நான் ஒரு நாளும் அழல. கண்ணுல அடைப்பு. டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்க.”

மற்ற ஏழு பேரும் இருப்பார்கள் என்று போனேன். ஆறு பேர்தான். ஆறு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

சரசு என் தோளைத் தொட்டாள். “அவ சொல்லிக் குடுத்து அனுப்பினாளா?”

“இல்ல சரசு.”

“நீ எப்பவும் விட்டுக்குடுக்க மாட்ட. எங்களுக்குத் தெரியாதா? போன வாரம் கோயிலுக்குக்கூட வர விடல.”

நல்ல பேர் எடுப்பது கஷ்டம் என்றால், எடுத்த நல்ல பேரை இறக்கி வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. என்ன சொன்னாலும் மருமகளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் ஆனது. சொல்லச் சொல்ல இடது கண் வேறு வழிந்து என் கட்சியைக் கெடுத்தது.

அப்போதுதான் டாக்டரின் முதல் கேள்வி நினைவுக்கு வந்தது. சந்நிதி விளக்கு வெளிச்சத்துக்கு நேரே போய் நின்றேன். முகத்தைத் துடைக்காமல் கையைக் கட்டிக்கொண்டேன்.

“சரசு, கிட்ட வா. எந்தக் கண்ணு வழியுது?”

“இடது.”

“வலது?”

குனிந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். “காஞ்சிருக்கு.”

“அழறவ ஒரு கண்ணுல மட்டுமா அழுவா?”

இத்தனை வாரமாக ஆறேழு ஜோடிக் கண்கள் என் முகத்தைப் பார்த்திருக்கின்றன. ஒருத்திக்கும் இது தெரியவில்லை.

“அப்ப எதுக்குடி நான் தொடைக்க தொடைக்க வாய மூடிட்டு நின்ன?” சரசுவுக்குக் கோபம் ஏறியது. “எங்களை எல்லாம் முட்டாளாக்கிட்டு?”

“நீ தொடைச்சது நல்லா இருந்துச்சு,” என்றேன். “அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் செத்தப்ப யாரும் தொடைக்கல.”

அவள் முகம் மாறியது. பிறகு, “கல்நெஞ்சுக்காரி,” என்றாள். அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை. ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

பூசாரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “அம்மாங்களா, விளக்கு ஏத்துறீங்களா, இல்லையா? ராகு காலம் முடியப் போவுது.”

வாங்கிய பழத்தை என்ன செய்வது? ஏற்றினோம். என் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டுதலை மாற்றிக்கொண்டோம். துர்க்கைக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

படியிறங்கும்போது ஒருத்தி மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “பாத்தியா, ஒம்பது வாரம் ஏத்தினோம். மருமவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா.” அதை மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

உப்பு

அந்த மாலையே இரண்டு பேர் துணியோடு வந்தார்கள். திரும்ப வாங்கிப் போன பெண்ணும் வந்தாள். அளவுச் சீட்டு அதே பையில் இருந்தது. தீபாவளிக்கு மிச்சமிருந்த மூன்று வாரத்தில் கம்பி நிறைந்து வளைந்தது. நான் தோளில் ஒரு துவாலையைப் போட்டுக்கொண்டு, வழிய வழியத் துடைத்துக்கொண்டே கொக்கி கட்டினேன். சியூ லிங் ஊசியை என் கையிலிருந்து வாங்கவில்லை. வாசலில் இருந்த அவள் சாமி மாடம் மட்டும் மறுபடியும் முன்னறைக்கு வந்துவிட்டது. நான்தான் தூக்கி வந்து வைத்தேன்.

தீபாவளி கழித்து ஆபரேஷன் ஆனது. சில வாரம் கண் மூலையில் நூல்போல ஒரு மெல்லிய குழாய் இருந்தது. அதை எடுத்த அன்று டாக்டர் மறுபடியும் உப்புத் தண்ணீர் விட்டார். மூக்குக்குப் பின்னால் சில்லென்று ஏதோ இறங்கியது. தொண்டையில் கரித்தது. கடல் தண்ணீர் குடித்தது மாதிரி நல்ல உப்பு. கையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்து பார்த்தால், சியூ லிங்கும் என் கைப்பையோடு சேர்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

சரசு அந்தத் தீபாவளிக்குத் துணி கொடுக்கவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் மாம்பழ மஞ்சள் துணியோடு வந்தாள். சியூ லிங் அளவெடுக்கும்போது கையைத் தூக்கிக்கொண்டு சுவரையே பார்த்து நின்றாள். “ஆன்டி, மூச்சு விடுங்க,” என்று சியூ லிங் சொன்ன பிறகுதான் விட்டாள். உட்கார்ந்து கோப்பி குடித்தாள். அவளுக்கு இரண்டு கண்ணும் கலங்கியிருந்தன. கொஞ்ச நாளாகவே இப்படித்தான், எரிச்சலாக இருக்கிறது, பேத்தியை நினைத்துக் கவலை என்றாள்.

“ரெண்டு கண்ணுமா?” என்றேன். “காஞ்சு போயிருக்கும். வர்ற புதன்கிழமை என்னோட கெளம்பு.”

அவளுடைய ரவிக்கைக்குக் கொக்கி நான்தான் கட்டினேன். ஆறு கொக்கி. ஊசியில் நூல் ஒரே தடவையில் போனது. கண்ணைத் துடைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஐந்தைச் சரியான இடத்தில் கட்டினேன். ஆறாவதை மட்டும், மெஷின் சும்மா கிடந்த நாட்களுக்காக, அரை விரற்கடை தள்ளி, கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினேன்.